மேட்ஸ் மிக்கெல்சன் வில்லன் நடிகரா? ஹாலிவுட்டில் மட்டும்தான்

கேள்வி இதுதான்: “‘ஹானிபல்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். அதற்கு முன் ‘கேசினோ ராயல்’ மட்டும் பார்த்திருக்கிறேன். இந்த ஆள் எல்லாவற்றிலும் வில்லனாகவே வருகிறாரே, இவருக்கு வேறு முகம் உண்டா? உண்டென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?”

உண்டு. நீங்கள் பார்த்ததுதான் அவருடைய சின்னப் பக்கம், பார்க்காததுதான் பெரிய பக்கம். சொந்த நாடான டென்மார்க்கில் அவர் நடித்த பாத்திரங்களைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்: அப்பாவிடம் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கும் சில்லறைத் திருடன், வியர்த்து வழியும் கறிக்கடைக்காரர், கண்முன் நடக்கும் கெட்டதைக் கெட்டது என்றே ஒப்புக்கொள்ளாத பாதிரியார், ஊரே ஒதுக்கிவைத்த பாலர் பள்ளி ஊழியர், குடித்துவிட்டு வகுப்புக்குப் போகும் சரித்திர வாத்தியார். இதில் ஒருவர்கூட ஹாலிவுட் அர்த்தத்தில் வில்லன் கிடையாது. பலர் பாவப்பட்டவர்கள், சிலர் கேலிக்குரியவர்கள்.

முதலில் பெயர். எல்லோரும் மேட்ஸ் என்றுதான் எழுதுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் டேனிஷ் மொழியில் நடுவில் இருக்கும் அந்த ‘ட்’ ஒலிக்காது, அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ‘மாஸ்’ என்றே நம் காதில் விழும். தமிழ் ரசிகருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது, இருந்தாலும் அவர் நடிப்பில் நாம் சொல்லும் மாஸ் ரொம்பக் குறைவு என்பதுதான் வேடிக்கை.

1965இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அம்மா நர்ஸ், அப்பா வங்கி ஊழியர், தொழிற்சங்கத்திலும் இருந்தவர். வளர்ந்தது நோர்ரெப்ரோ என்கிற உழைக்கும் மக்கள் பகுதி. சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், அதில் குட்டிக்கரணம் போடத் தெரியும் என்பதற்காக ஒரு இசை நாடகத்தில் பின்வரிசையில் நிற்கக் கூப்பிட்டார்கள், அப்படியே நடனத்துக்குள் போய்விட்டார். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்துப் பாலே பள்ளியில் படித்தார், ஏறக்குறைய பத்து வருடம் நடனமாடித்தான் பிழைத்தார். அதற்கப்புறம்தான் ஓர்ஹூஸ் நகரத்தின் நாடகப் பள்ளியில் சேர்ந்து நடிப்புப் படித்தார். படித்து வெளியே வந்தது 1996இல். வயது முப்பது.

இந்தப் பத்து வருட நடனத்தைப் பத்திரிகைகள் ஒரு சுவாரசியத் துணுக்கு மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடும். என்னைக் கேட்டால் அவருடைய நடிப்பின் அடித்தளமே அதுதான். வசனத்தில் ஆரம்பித்த நடிகர்கள் உணர்ச்சியை முதலில் குரலிலும் முகத்திலும் தேடுவார்கள். இவர் எடையை எந்தக் காலில் போடுவது, தோளை எவ்வளவு இறக்குவது, கையை எப்போது நிறுத்துவது என்று உடம்பிலிருந்து வருகிறார். ‘ஹானிபல்’ பார்த்திருக்கிறீர்கள், அதனால் சுலபமாகப் புரியும்: மனிதக் கறி சமைக்கும் அந்த மருத்துவர் வெங்காயம் நறுக்குவதையோ ஒயின் ஊற்றுவதையோ நினைத்துப் பாருங்கள், ஒரு அசைவுகூட வீணாகாது. முகத்தில் ஒன்றுமே நடக்காது, உங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நாடகப் பள்ளியை முடித்த அதே வருடம் ‘புஷர்’ வந்தது. இயக்குநர் நிக்கோலஸ் வின்டிங் ரெஃப்ன் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த பையன், முதல் படம். கோபன்ஹேகனின் போதைப்பொருள் வியாபாரிகள் கதை. கதாநாயகன் வேறொருவர், கிம் போட்னியா. மேட்ஸ் அவருடைய கூட்டாளி டோனி: மொட்டைத் தலை, பின்மண்டையில் ‘மரியாதை’ என்று ஆங்கிலத்தில் பச்சை குத்தியிருக்கும், வாய் ஓயாது, ஆனால் யாரும் அந்த மரியாதையை மட்டும் தருவதில்லை. படத்தின் பாதியிலேயே நண்பன் கையால் பேஸ்பால் மட்டையில் அடிவாங்கிக் கதையைவிட்டுப் போய்விடுவார். எட்டு வருடம் கழித்து ரெஃப்ன் ஒரு படத்தில் பணத்தைத் தொலைத்துக் கடனில் மாட்டிக்கொண்டார், கடனை அடைக்கப் பழைய படத்துக்குத் தொடர்ச்சி எடுக்க வேண்டிய கட்டாயம். அப்படி 2004இல் வந்த ‘புஷர் 2’இல் டோனிதான் நாயகன். சிறையிலிருந்து வெளியே வருகிறான், ரவுடி அப்பா அவனை மதிப்பதே இல்லை, தனக்கு ஒரு குழந்தை பிறந்திருப்பதாக வேறு சொல்கிறார்கள். பணத் தேவைக்காக எடுத்த படம், ஆனால் மேட்ஸின் மிகச் சிறந்த மூன்று நடிப்புகளில் ஒன்று என்று நான் சண்டை போட்டுச் சொல்வேன். கடைசிக் காட்சியில் கேமரா அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பச்சையைப் படித்தால் தொண்டை அடைக்கும். டென்மார்க்கின் போடில் விருது அதற்குக் கிடைத்தது.

ஆனால் டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு அவரைத் தெரியவைத்தது சினிமா இல்லை, தொலைக்காட்சி. இதை வெளிநாட்டு ரசிகர்கள் அநேகமாகத் தவறவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2000இல் டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் ‘ரைசெஹோல்டெட்’ என்றொரு போலீஸ் தொடரைத் தொடங்கியது, ஆங்கிலத்தில் ‘யூனிட் ஒன்’. ஊர் ஊராகப் போய் உள்ளூர் போலீசுக்குக் கொலை வழக்குகளில் உதவும் ஒரு குழுவின் கதை. மொத்தம் 32 பகுதிகள். மேட்ஸ் அதில் ஆலன் ஃபிஷர் என்கிற துப்பறிவாளர், சட்டென்று கோபம் வரும், வேலையும் வீடும் ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருக்கும். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு டிஆர் போடும் நாடகம் என்றால் அது அங்கே ஒரு குடும்பச் சடங்கு மாதிரி, சாப்பாடு முடித்து எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள், மறுநாள் அலுவலகத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. நாடு மொத்தமும் சுமார் 60 லட்சம் பேர்தான், சென்னையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் வரும் ஜனத்தொகையைவிடக் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிறு இரவு முகம் என்றால் நீங்கள் கடைக்குப் போய்ப் பால் வாங்கக்கூட முடியாது. பத்திரிகை வாக்கெடுப்புகளில் நாட்டின் அழகான ஆண் என்று அவரைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அந்தத் தொடர் 2002இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது வாங்கியது. இதற்கு ஒரு பின்கதை உண்டு. டிஆர் அப்போது தனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டு வேலை செய்தது: எழுத்தாளரின் பார்வையே முதல், மேலே ஓடும் குற்றக் கதைக்குக் கீழே சமூகத்தைப் பற்றிய இன்னொரு கதையும் ஓட வேண்டும், சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் கலந்து வேலை செய்ய வேண்டும். ‘தி கில்லிங்’, ‘போர்கன்’ என்று பிற்பாடு உலகம் முழுக்கப் போன தொடர்கள் இந்தப் பட்டறையில் வந்தவைதான். ஆக மேட்ஸ் ‘தொலைக்காட்சியிலிருந்து தப்பித்து சினிமாவுக்கு வந்தவர்’ இல்லை. அங்கே இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் இல்லை, இதே நடிகர்கள் காலையில் நாடக ஒத்திகை, மாலையில் படப்பிடிப்பு என்று போய்வருவார்கள். நாயகன் என்றால் நாயகனாக மட்டும்தான் நடிப்பேன் என்று அடம்பிடிக்க அந்த ஊரில் இடம் போதாது.

அதனால்தான், வீட்டுக்கு வீடு அழகன் என்று பெயர் வாங்கிய அதே சமயத்தில், இந்த மனிதர் தன் அழகை வெட்கமே இல்லாமல் நாசம் செய்துகொண்டிருந்தார். அதற்குக் கூட்டாளி ஆண்டர்ஸ் தாமஸ் யென்சன், எழுத்தாளர், இயக்குநர். ‘தி கிரீன் புட்சர்ஸ்’ (2003) படத்தில் மேட்ஸ் ஸ்வென் என்கிற கறிக்கடைக்காரர். ஏறு நெற்றி, எப்போதும் வியர்வை, எல்லோரும் தன்னை அவமதிப்பதாகவே ஒரு நினைப்பு. குளிர்பதன அறையில் தற்செயலாக ஒரு ஆள் செத்துப்போக, அப்புறம் கடையில் வியாபாரம் எப்படிச் சூடுபிடித்தது என்பதை நான் சொல்லாமலே ஊகித்துவிடுவீர்கள். ஹானிபலுக்குப் பத்து வருடம் முன்பே மனிதக் கறி, அதுவும் நகைச்சுவையாக! அடுத்தது ‘ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்’ (2005). சிறையிலிருந்து வரும் நவ நாஜி ஒருவன் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் தங்க வருகிறான், அங்கே பாதிரியார் இவான். இவானுக்கு நடந்த துயரங்களை எண்ணவே முடியாது, ஆனால் ஒன்றையும் துயரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், எல்லாம் சாத்தானின் சோதனை என்று சிரித்துக்கொண்டே போவார், யாராவது உண்மையை முகத்தில் அடித்தால் காதிலிருந்து ரத்தம் வரும். அரைக்கால் சட்டையும் செருப்புமாக அந்தப் பாதிரியார் நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு ஹானிபலின் கட்டம் போட்ட கோட் சூட் ஒரு வேடம் மட்டுமே என்பது உடனே புரிந்துவிடும். யென்சனோடு அவர் கூட்டு இன்னமும் முடியவில்லை: ‘மென் அண்ட் சிக்கன்’, ‘ரைடர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’, கடைசியாக 2025இல் வெனிஸ் விழாவில் காட்டிய ‘தி லாஸ்ட் வைக்கிங்’. அதில் தன்னை ‘பீட்டில்ஸ்’ பாடகர் ஜான் லெனன் என்று நம்பும் ஒரு மனிதராக வருகிறார். அறுபதை நெருங்கும்போது!

இந்தக் கறுப்புச் சிரிப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் இயக்குநர் சூசன்னே பியர். கையில் பிடித்த கேமரா, செயற்கை விளக்கு கிடையாது, பின்னணி இசையை அப்புறம் ஒட்டக் கூடாது என்று டென்மார்க் இயக்குநர்களின் டாக்மா 95 இயக்கம் விதி போட்டிருந்த காலம். அந்த விதிகளுக்குள் அவர் எடுத்த ‘ஓப்பன் ஹார்ட்ஸ்’ (2002) படத்தில் மேட்ஸ் ஒரு மருத்துவர், தன் மனைவி கார் மோதி ஊனப்படுத்திய இளைஞனின் காதலியோடே காதலில் விழுந்து மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் கலைக்கிறார். கதையைச் சொன்னால் கோபம் வரும், படத்தைப் பார்த்தால் அந்த ஆளை வெறுக்க முடியாது. பிறகு ‘ஆஃப்டர் தி வெட்டிங்’ (2006). இந்தியாவில் அநாதை இல்லம் நடத்தும் டேனிஷ்காரர் யாக்கோப், இல்லத்துக்குப் பணம் தேடி கோபன்ஹேகனுக்குப் போகிறார், நன்கொடை தருவதாகச் சொன்ன பணக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போங்கள் என்கிறார். போன இடத்தில் மணமகளின் அம்மா யாரென்று பார்த்தால் இவருடைய பழைய காதலி. மேலே சொல்ல மாட்டேன். இந்தியக் காட்சிகள் வறுமையை அழகாகக் காட்டும் மேற்கத்தியப் பழக்கத்திலிருந்து முழுக்கத் தப்பவில்லை என்பது என் குறை, ஆனால் நகரத்து மாளிகையில் யாக்கோப் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் நிலையை வேறு நடிகர் நடித்திருக்க முடியாது. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இப்போது பாருங்கள், ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கேசினோ ராயல்’ வந்ததும் இதே 2006தான். ஒரே வருடத்தில் டென்மார்க் அவரை அநாதைப் பிள்ளைகளின் காவலனாகப் பார்த்தது, உலகம் அவரைக் கண்ணிலிருந்து ரத்தம் வடியும் லு ஷீஃப்ராகப் பார்த்தது. அந்த வேடத்தைத் திரும்பப் பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். லு ஷீஃப்ர் உலகை ஆளப்போகும் வில்லன் இல்லை, பயங்கரவாதிகளின் பணத்தைப் பங்குச் சந்தையில் சூதாடித் தொலைத்துவிட்ட கணக்குப்பிள்ளை. சீட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோற்றால் உயிர் போகும். மேட்ஸ் அந்தப் பயத்தைத்தான் நடிக்கிறார், ஆனால் வெளியே விடாமல் நடிக்கிறார்.

இந்த ‘வெளியே விடாமல்’ என்பதுதான் ஹாலிவுட்டுக்குப் பிடித்துப்போன விஷயம், அதோடு உயர்ந்த கன்ன எலும்பும் ஐரோப்பிய உச்சரிப்பும் இருந்தால் அங்கே என்ன வேடம் தருவார்கள் என்பது தெரிந்ததே. ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’, ‘இந்தியானா ஜோன்ஸ்’ கடைசிப் படத்தில் நாஜி விஞ்ஞானி, ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ மூன்றாம் பாகத்தில் ஜானி டெப் விட்டுப்போன கிரின்டல்வால்ட் என்கிற மந்திரவாதி, ‘முஃபாசா’வில் வெள்ளைச் சிங்கத்தின் குரல். ‘ரோக் ஒன்’ ஒரு விதிவிலக்கு, அதில் மனசாட்சி உறுத்தும் அப்பா. இவற்றில் அவர் சோம்பேறித்தனமாக நடித்தார் என்று சொல்ல முடியாது, எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் அவர்தான் என்ன செய்வார்? ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்துக்கான தேர்வில் வெறும் அறையில் நின்று ரப்பர் மாதிரி நீளும் கை இருப்பதாக நினைத்து நடிக்கச் சொன்னதை அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், அவமானமாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தப் படங்களை அவர் கேவலமாகப் பேசுவதும் இல்லை. புரூஸ் லீ படம் பார்த்து வளர்ந்த ஆள், பறந்து பறந்து சண்டை போடும் வேடம் வந்தால் சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்படுகிறவர்.

நடுவில் வேறு மொழிகளிலும் கொஞ்சம் திரிந்தார். பிரெஞ்சும் ரஷ்ய மொழியும் பேசி இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியாக ஒரு படம், பிரெஞ்சில் ‘மிக்கேல் கோல்ஹாஸ்’. ரெஃப்னுடன் ‘வல்ஹல்லா ரைஸிங்’ (2009), அதில் ஒற்றைக் கண் அடிமை வீரன், படம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். படம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, எனக்கே பாதியில் தூக்கம் வந்தது. ஆனால் நடனம் பற்றி நான் சொன்னதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அது போதும். 2018இல் ‘ஆர்க்டிக்’, ஐஸ்லாந்துப் பனியில் 19 நாள் எடுத்த படம், விமான விபத்தில் தப்பிய ஒருவர், வசனம் விரல்விட்டு எண்ணலாம்.

சரி, 2012க்கு வருவோம். அந்த ஒரு வருடத்தில் இரண்டு படங்கள். ஒன்று ‘எ ராயல் அஃபேர்’. 18ஆம் நூற்றாண்டு, மனநிலை சரியில்லாத டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஜெர்மன் மருத்துவர் ஸ்ட்ரூயென்சே. மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, நாட்டையே ஆண்டு, தணிக்கையை ஒழித்து, அப்படியே ராணியையும் காதலித்து, 1772இல் தலை வெட்டப்பட்டுச் செத்தவர். டென்மார்க் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேட்ஸ் அவரைப் புரட்சி வீரராகக் காட்டவில்லை, கொஞ்சம் கர்வம், நிறையப் பயம் உள்ள அறிவாளியாகக் காட்டினார். கொலைக்களத்தில் அவர் நடுங்குவது ஒன்றும் வீரமாக இருக்காது, அதனால்தான் நம்மால் பார்க்க முடியாமல் போகிறது.

இரண்டாவது ‘தி ஹன்ட்’. உங்களுக்கு நேரம் ஒரே ஒரு படத்துக்குத்தான் என்றால் இதுதான். தாமஸ் வின்டர்பெர்க் இயக்கம். சின்ன ஊர், லூகாஸ் பாலர் பள்ளியில் வேலை செய்கிறார், விவாகரத்து ஆனவர், பிள்ளைகளுக்குப் பிடித்தவர். உயிர் நண்பனின் சின்ன மகள் ஏதோ மனத்தாங்கலில் ஒரு பொய் சொல்கிறாள், குழந்தை பொய் சொல்லாது என்று பெரியவர்கள் நம்புகிறார்கள், அவ்வளவுதான், ஊர் முழுக்க ஒரு மனிதன்மீது பாய்கிறது. அவர் குற்றமற்றவர் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும், அந்தத் தெரிதல்தான் சித்திரவதை.

இதில் முக்கியமான ஒரு விஷயம், முதலில் எழுதியபோது லூகாஸ் கரடுமுரடான, அதிகம் பேசாத ஆண்பிள்ளையாக இருந்தாராம். மேட்ஸ் நடிப்பது என்று ஆனதும் வின்டர்பெர்க் பாத்திரத்தைத் தலைகீழாக மாற்றி, இறங்கிப்போகிற, கண்ணியமான மனிதராக ஆக்கினார். முரடன் முகத்தில் மென்மையான ஆள். அந்த முரண்தான் படத்தைத் தாங்குகிறது. பல காட்சிகளில் நமக்கே ‘டேய், திருப்பி அடிடா’ என்று கத்தத் தோன்றும், அந்த உடம்புக்கு அது முடியும் என்பதும் தெரியும், அவர் அடிக்க மாட்டார். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கட்டம் வரும். அப்புறம் கிறிஸ்துமஸ் இரவுத் தேவாலயம்: முகமெல்லாம் காயம், கோட் சூட் போட்டுக்கொண்டு வந்து ஊரார் நடுவில் உட்காருகிறார், பிள்ளைகள் பாட ஆரம்பிக்கிறார்கள், அவர் திரும்பித் திரும்பி நண்பனைப் பார்க்கிறார். ஒன்றரை மணி நேரம் உள்ளே வைத்திருந்தது அந்த ஒரு பார்வையில் உடைகிறது. கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதைப் பார்த்தபின் ‘ஹானிபல்’ உங்களுக்கு வேறு மாதிரி தெரியும். 2013இலிருந்து 2015 வரை என்பிசி என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சியில் மூன்று சீசன், 39 பகுதிகள், பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அந்தோனி ஹாப்கின்ஸ் முத்திரை குத்திவிட்ட வேடம் என்பதால் மேட்ஸ் முதலில் தயங்கினார். ஆனால் ஹாப்கின்ஸின் ஹானிபல் லெக்டர் பெரும்பாலும் சிறைக்குள் இருக்கிறவர், தான் யார் என்பதைக் காட்டிக்கொள்வதில் சுகம் காண்கிறவர். மேட்ஸின் லெக்டர் வெளியே, போலீஸ்காரர்களோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டியவர். அவர் அந்த ஆளை மனநோயாளியாக எடுத்துக்கொள்ளவில்லை, மனிதர்களை ரசிக்கும் சாத்தானாக எடுத்துக்கொண்டார், மரணத்தின் விளிம்பில்தான் வாழ்க்கை அழகாகிறது என்று நம்பும் சந்தோஷமான சாத்தான். எதிரே வில் கிரஹாமாக வரும் ஹ்யூ டான்சி அவருக்குப் பழைய சிநேகிதர், 2004இல் ‘கிங் ஆர்தர்’ படத்தில் இருவரும் வட்ட மேஜை வீரர்கள். அந்த இணக்கம் திரையில் தெரிகிறது. லூகாஸிடம் ஒரு கட்டத்தில் உடைந்த அந்த அணை ஹானிபலிடம் கடைசிவரை உடைவதே இல்லை. தண்ணீர் பின்னால் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் காட்டிக்கொண்டே இருக்கிறார். ஹாலிவுட் வேடங்களில் அவர் உச்சம் என்று இதை மட்டும்தான் சொல்வேன், அதுவும் சினிமா இல்லை, தொலைக்காட்சி.

அடுத்து ‘அனதர் ரவுண்ட்’ (2020), டேனிஷ் பெயர் ‘ட்ரூக்’. மறுபடி வின்டர்பெர்க். நான்கு பள்ளி ஆசிரியர்கள், வாழ்க்கை சப்பென்று போய்விட்ட நடுவயது. மனித ரத்தத்தில் பிறவியிலேயே 0.05 சதவீதம் ஆல்கஹால் குறைவு என்று ஒரு நார்வே மனநல மருத்துவர் சொன்னதாக ஒரு பேச்சு, அதைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று பகலில் அளவாகக் குடிக்க ஆரம்பிக்கிறார்கள். முதலில் எல்லாம் பிரமாதம், மேட்ஸின் மார்ட்டின் செத்த குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வகுப்பே சிரிக்கும்படி நடத்துகிறார். அப்புறம் என்ன ஆகும் என்பது குடிகாரர் இருந்த எந்த வீட்டுக்கும் தெரியும். படம் குடியை வாழ்த்தவும் இல்லை, குடிக்காதே என்று போதிக்கவும் இல்லை.

படப்பிடிப்பு தொடங்கிய நாலாவது நாள் வின்டர்பெர்கின் 19 வயது மகள் கார் விபத்தில் இறந்துபோனார். மார்ட்டினின் மகளாக நடிக்க இருந்தவர், அவர் படித்த பள்ளியிலேயேதான் படமும் எடுத்தார்கள். வேலையை நிறுத்திவிட்டு, பிறகு மகளுக்காகவே முடிப்பது என்று முடிவு செய்து முடித்தார்கள். 2021இல் ஆஸ்கர் வாங்கியபோது அந்த மேடையில் வின்டர்பெர்க் பேசியதும் மகளைப் பற்றித்தான். இதைத் தெரிந்துகொண்டு கடைசிக் காட்சியைப் பாருங்கள். துறைமுகம், பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியோடு கூத்தடிக்கிறார்கள், நண்பன் ஒருவனை அன்றுதான் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், மார்ட்டின் ஒரு காலத்தில் ஜாஸ் பாலே ஆடியவர் என்று படத்தில் முன்பே பேச்சுவாக்கில் வந்திருக்கும். ஒரு அடி எடுத்து வைக்கிறார், நிறுத்துகிறார், உட்காருகிறார், மறுபடி எழுகிறார். அப்புறம் ஆடுகிறார். ஐம்பத்து மூன்று வயதில், டூப் இல்லாமல், தரையில் உருண்டு, கடைசியில் தண்ணீரைப் பார்த்துத் தாவுகிறார், அந்தத் தாவலில் படம் உறைகிறது. துக்கமா கொண்டாட்டமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோதன்பர்க் பள்ளியில் படித்ததை இருபத்தைந்து வருடம் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்து அன்று எடுத்தார். அந்த வேடத்துக்கு ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைத்தது, சான் செபஸ்டியன் விழாவிலோ நான்கு ஆசிரியர்களாக நடித்தவர்களுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தார்கள், அது ரொம்ப நியாயம்.

2023இல் ‘தி பிராமிஸ்ட் லேண்ட்’. ‘எ ராயல் அஃபேர்’ இயக்குநர் நிக்கோலாய் ஆர்செலே மறுபடி. டென்மார்க்கின் யூட்லாந்துத் தரிசில் உருளைக்கிழங்கு விளைவித்துக் காட்டுகிறேன் என்று பிடிவாதமாகப் போய்க் குடியேறும் ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், பக்கத்தில் கொடூர ஜமீன்தார். உடையில் கௌரவம், வயிற்றில் பசி. அதே அடக்கும் மனிதர்தான், வயது மட்டும் ஏறியிருக்கிறது. சிறந்த நடிகருக்கான இரண்டாவது ஐரோப்பியத் திரைப்பட விருதும் அவருக்கு இதில்தான்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்: ‘ஷெர்லாக்’ தொடரில் மேக்னஸ்ஸன் என்று ஒரு குளிர்ந்த வில்லன் வருவாரே, அவர் மேட்ஸ் இல்லை, அண்ணன் லார்ஸ் மிக்கெல்சன். ஒரு வயது மூத்தவர், ‘தி கில்லிங்’ முதல் சீசனில் அரசியல்வாதியாக நடித்தவரும் அவரே. பாதிரியாராக நடித்த ஒரு டிஆர் தொடருக்காக 2018இல் சிறந்த நடிகர் சர்வதேச எம்மி வாங்கினார். சில விஷயங்களில் தம்பியைவிட ஒரு படி மேல் என்று நினைக்கிற ஆட்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிக்கு அவ்வப்போது போய்வருவேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘தி ஹன்ட்’ முதலில். அதன் கனம் இறங்க ஒரு வாரம் விட்டு ‘ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்’, சிரிக்கலாம். அப்புறம் ‘ஆஃப்டர் தி வெட்டிங்’, ‘எ ராயல் அஃபேர்’, பிறகு ‘புஷர்’ இரண்டும் வரிசையாக. ‘அனதர் ரவுண்ட்’டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நடனத்துக்கு முன்னால் இந்த மனிதர் எத்தனை படங்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் டேனிஷ் குரலிலேயே, துணைத்தலைப்போடு பாருங்கள். ஆங்கில டப்பிங் இருந்தாலும் தொடாதீர்கள், தாய்மொழியில் அவர் குரல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியும் தயங்கியும் வரும். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ‘மென் அண்ட் சிக்கன்’ போட்டுவிடாதீர்கள். ஏன் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.